உங்களுக்குத் தெரியுமா?

கத்திரி வெயிலில் பலகை சூடேறச் சூடேற, சோலார் மின்சாரம் குறையும்!

• பலகையின் வாட் கணக்கு 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பலகை சுமார் 0.4 சதவீதம் இழக்கும். திருக்கோகர்ணத்து மொட்டைமாடியில் பலகை 65 டிகிரியைத் தொட்டால், 100 வாட்டில் 16 வாட் போச்சு.

• சுற்றுலா வேனின் கூரையோடு ஒட்டிப் பதித்த பலகை பாவம், இன்னும் சுடும். அடியில் காற்றோட இடைவெளி விடுங்கள்.

• இன்வெர்ட்டர் 'பீப்' அடித்து நின்றால் பலகையைத் திட்டாதீர்கள். 12 வோல்ட் பேட்டரியில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓட, 80 ஆம்பியருக்கு மேல் பாயும். டெர்மினல் நட்டு தளர்ந்து 0.01 ஓம் தடை சேர்ந்தாலே ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே தொலையும். பேட்டரி நிறைந்திருந்தும் 'லோ பேட்டரி' காட்டும்.

• அந்த நட்டை இறுக்க ஸ்பானர் வைக்குமுன் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள்.