வாத்தில் ஆண் எது, பெண் எது?

குழித்தறியில் ஈரமேறி, தெருவில் பாவு விரிக்கவும் வழியின்றி வேலை நின்றுபோகும் மழை மாதங்களில், நெசவாளர் குடும்பத்துக்குக் கைகொடுக்கக் கூடியவற்றுள் கொல்லை வாத்தும் ஒன்று. கோழி ஒடுங்கி நிற்கும் சேற்றில் வாத்து குதூகலமாக மேயும். ஆனால் முட்டைக்கென்று சந்தையில் ஆறு குஞ்சுகளை வாங்கி, ஐந்து மாதம் தவிடும் நெல்லும் போட்டு வளர்த்த பிறகு, அவற்றுள் நான்கு ஆண் என்று தெரியவந்தால் அக்குடும்பத்தின் வரவு செலவு என்னவாகும்? ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முன்னாளில் கிராமமாயிருந்த தரமணி, 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் கணினி அலுவலகங்களுக்குப் பெயர் பெற்றுவிட்டது. எனினும் அதன் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இன்னும் எஞ்சியிருக்கிறது. 2022-இல் அது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே நீந்தும் புள்ளிமூக்கு வாத்துகளைப் பார்த்து ஆண், பெண் பிரிப்பது எளிதன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். வீட்டு வாத்தின் மூதாதையோ வடநாடுகளில் வாழும் பச்சைத்தலைக் காட்டு வாத்து. அதன் ஆண் அடையாளங்கள் வீட்டு வாத்திலும் தங்கியிருப்பது நமக்கு அனுகூலம்.

தமிழ்நாட்டில் ஆரணி, சன்னியாசி, கீரி என்று நாட்டு வாத்துகளுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியின் பெயரே வாத்துக்கும் அமைந்தது நெசவாளர்க்குப் பெருமைதான்! இவற்றோடு, இங்கிலாந்தில் அடெல் காம்ப்பெல் அம்மையார் உருவாக்கிய காக்கி காம்ப்பெல் இனமும் நம் நாட்டில் பரவியுள்ளது. இவ்வினத்தில் வளர்ந்த ஆணின் தலையும் கழுத்தும் கரும்பச்சை கலந்த வெண்கல நிறம் கொள்ளும். பெண் உடல் முழுதும் காக்கியாகவே இருக்கும். வெள்ளைப் பெக்கின் வாத்தில் நிறத்தைக் கொண்டு ஒன்றும் அறிய இயலாது. அங்கே வால்தான் சாட்சி. ஆணின் வால்மேல் இரண்டு மூன்று இறகுகள் முதுகுப் பக்கமாகச் சுருண்டு நிற்கும். பெண்ணுக்கு இச்சுருள் இல்லை.

ஆயினும் சுருளை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது. இறகு உதிரும் பருவத்தில் ஆணும் அதை இழந்து, பெண்ணைப் போன்ற மங்கல் நிறம் பூண்டு நிற்கும். சூலகம் கெட்டுப்போன கிழப் பெண் வாத்து சில வேளை ஆணின் இறகை அணிவதுமுண்டு. பெண்மைச் சுரப்பு குன்றுவதே இதற்குக் காரணம்.

எல்லாவற்றினும் நம்பத்தக்கது குரல். பெண்தான் "குவாக், குவாக்" என்று ஊரைக் கூட்டும். ஆணின் குரல் தொண்டை கட்டியவன் பேச்சைப் போலக் கம்மலாயிருக்கும். ஆணின் மூச்சுக்குழல் அடியில், இடப்புறத்தில், எலும்பாலான குமிழ் ஒன்று அமைந்திருப்பதே இவ்வேற்றுமைக்கு மூலம். ஏழெட்டு வாரமான குஞ்சுகளிலேயே இது தெளிவாகக் கேட்கும். சுருள் இறகு தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்தையில் வாத்தைக் கையில் எடுத்தால் அதுவே கத்திக் காட்டிவிடும். காலைப் பிடித்துத் தூக்கலாகாது. வாத்தின் கால் பலவீனமானது. இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயை மெல்ல விரித்து, ஆண் குறி உண்டா என்று பார்த்துப் பிரிக்கும் முறையும் உண்டு. கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சில் இது சுலபம் என்பது உண்மையே. ஆனால் பழகாத விரல் அழுத்தினால் குஞ்சுக்குக் காயம் நேரும். பயின்றவரிடம் நேரில் கற்ற பிறகே செய்க. முட்டையின் வடிவைப் பார்த்தே ஆண், பெண் சொல்வோரும் உளர், அதற்கு ஆதாரமில்லை.

மணிலா வாத்து தனிச் சாதி. அதன் ஆணுக்குச் சுருள் இறகும் இல்லை. உரத்த குரலும் பெண்ணுக்கு இல்லை. முகத்தில் சிவந்த சதைக் கட்டிகள் மிகுந்து, பெண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பருத்திருப்பது ஆண். நாட்டு வாத்து முட்டை 28 நாளில் பொரியும் என்றால், இதற்கு 35 நாள் செல்லும்.

முட்டையை உண்ணவும் விற்கவும் மட்டுமே வளர்ப்போர்க்கு ஆண் வாத்தே வேண்டுவதில்லை. அது இல்லாமலே பெண் முட்டையிடும். குஞ்சு பொரிக்க விரும்புவோர் ஆறேழு பெண்களுக்கு ஓர் ஆண் வைத்தால் போதும். அதற்கு மேலுள்ள ஆண்களைக் குரல் உடைந்த வாரத்திலேயே பிரித்து, இறைச்சிக்கு விற்றுவிடலாம். பெண்கள் பெரும்பாலும் விடியற்காலையில் இடுமாதலால், ஒன்பது மணிவரை பட்டியிலேயே அடைத்து வைத்து, முட்டைகளைப் பொறுக்கிய பின்னரே குளத்துக்கு விடுக.