கப்பல் எவ்வளவு சுமக்கும்? கம்ப்யூட்டரில் கணக்கிடுவோம்!

கடலில் செல்லும் கப்பல்களை வரைபடத்தில் காட்டும் இணைய தளங்கள் உள்ளன. தூத்துக்குடி அருகே தெரியும் ஒரு கப்பலின் மீது கிளிக் செய்தால் அதன் பெயர், வகை, அளவு ஆகியவை திரையில் தோன்றும். அளவு என்ற இடத்தில் வெவ்வேறு எண்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம்.

ஜி.டி.: இதை 'கிராஸ் டன்னேஜ்' என்பார்கள். பெயரில் டன் இருந்தாலும் இது எடை அல்ல. கப்பலின் மூடிய பகுதிகளின் மொத்தக் கன அளவை வைத்து, 1969-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தப்படி கணக்கிடப்படும் எண்.

டி.டபிள்யூ.டி.: கப்பல் பாதுகாப்பாகத் தாங்கும் எடை, டன் கணக்கில். எரிபொருள், குடிநீர், ஊழியர்கள் எல்லாம் இதில் அடக்கம். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் பிடித்துக்கொண்டது போக மீதிதானே நமக்கு? அதுபோலத்தான் இதுவும். நிலக்கரி ஏற்றும் பல்க் கேரியர், எண்ணெய் ஏற்றும் டேங்கர் ஆகியவற்றுக்கு இந்த எண் முக்கியம்.

டி.இ.யு.: கண்டெய்னர் கப்பலுக்கு உரியது. 20 அடி கண்டெய்னர் ஒன்று ஒரு டி.இ.யு.; 40 அடி என்றால் இரண்டு. 2025 ஜூனில் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த எம்.எஸ்.சி. ஐரினாவின் கொள்ளளவு 24,346 டி.இ.யு.

இப்போது எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். 20 அடி கண்டெய்னரின் உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு. சுமார் 28 டன் தாங்கும். ஒரு கன மீட்டர் கிரானைட் ஏறத்தாழ 2.7 டன். ஒரு கட்டத்தில் =28/2.7 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 10.37037 என விடை வரும். அதாவது 10 கன மீட்டர் கல் ஏற்றியதுமே எடை வரம்பு முடிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு இடம் காலி!

முசிறிப் பக்கத்துக் கோரைப் பாய்க்கு இது தலைகீழ். எடை வரம்பைத் தொடும் முன்பே பெட்டி நிரம்பிவிடும்.

முழுக் கண்டெய்னர் எடுக்காமல் சிறிதளவு சரக்கு அனுப்புவோர் கவனிக்க: கடல் வாடகையைப் பொதுவாக டன், கன மீட்டர் இரண்டில் எது அதிகமோ அதற்கே போடுவார்கள். ஒரு கன மீட்டர் பாய்க் கட்டு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வாடகை 200 கிலோவுக்கு அல்ல, ஒரு டன்னுக்கு உரியதே! எனவே கட்டின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் அளந்து, எக்ஸெல்லில் பெருக்கிப் பார்த்த பிறகு வாடகை பேசுங்கள். கட்டை இறுக்கிக் கட்டினால் காசு மிச்சம்.