ஹைட்ரஜன் கார்: கொல்கத்தா ஏன் காத்திருக்கிறது?

கொல்கத்தா: பெட்ரோல், டீசலுக்கு மாற்றாகக் கருதப்படும் ஹைட்ரஜனில் வாகனங்களை இயக்கிப் பார்க்கும் மத்திய அரசின் முன்னோடித் திட்டத்தில் கொல்கத்தா இடம்பெறவில்லை. 2025 மார்ச்சில் அனுமதிக்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ் பேருந்துகளும் லாரிகளுமாக 37 வாகனங்களை 10 வழித்தடங்களில் இயக்கத் திட்டமிடப்பட்டது. அவற்றில் இந்நகருக்கு அருகிலுள்ளது ஜாம்ஷெட்பூர் - கலிங்கநகர் தடமே. கார் ஒன்றுகூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஹைட்ரஜன் காரும் ஒருவகை மின்சாரக் கார்தான். எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வினைபுரிந்து மின்சாரம் உண்டாகிறது. வெளியேறுவது நீர் மட்டுமே. 2022 மார்ச்சில் டெல்லியில் அறிமுகமான டொயோட்டா மிராய் காரின் கலன்களில், வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 700 மடங்கு அழுத்தத்தில் சுமார் 5.6 கிலோ ஹைட்ரஜன் அடைக்கப்படுகிறது. அதனை நிரப்பச் சில நிமிடங்கள் போதும்.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதே சிக்கல். நீரைப் பகுத்து ஒரு கிலோ பெற 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. அதில் அடங்கும் ஆற்றலோ 33 யூனிட்தான். மேற்கு வங்கத்தின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. அதைக் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்தால், கொல்கத்தா வீதிகளில் குறையும் புகை அனல்மின் நிலையத்தில் கூடும். அதே மின்சாரத்தை நேரடியாக பேட்டரியில் ஏற்றினால் கார் இருமடங்குக்கும் அதிகமான தூரம் ஓடும். பேட்டரியின் எடையே சுமையாகிவிடும் நெடுந்தூரச் சரக்கு லாரிகளில்தான் ஹைட்ரஜனுக்கு வாய்ப்பு அதிகம்.