நேர்மோதல் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் தேர்தலில், எந்த இருவருக்கும் இடையிலான நேர்மோதலையும் சீட்டுகளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மற்ற அனைவரையும் வெல்பவர் ஒருவர் இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் க என்பவர் ச-வை வெல்ல, ச என்பவர் ப-வை வெல்ல, ப-வோ க-வையே வென்றுவிடக்கூடும். இந்தச் சுழலைப் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். நிக்கலஸ் டைட்மன் 1987-இலும் மார்க்குஸ் ஷுல்ட்ஸே 1997-இலும் முன்வைத்த முறைகள், மூவர் சுழலில் மிகப் பலவீனமான வெற்றியைக் கைவிட்டு முடிவு காண்கின்றன.

பலவீனத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, வாக்கு வித்தியாசம். மற்றொன்று, வென்றவரை மேலே வைத்தவர்களின் எண்ணிக்கை. எல்லா வாக்காளர்களும் எல்லோரையும் வரிசைப்படுத்தினால் இரண்டும் ஒரே விடையைத் தரும். வரிசையைப் பாதியில் நிறுத்திய சீட்டுகள் இருந்தால்தான் அவை பிரிகின்றன.

100 பேர் வாக்களிப்பதாகக் கொள்வோம். 40 பேர் க-வை மட்டும் குறிக்கிறார்கள். 35 பேரின் வரிசை ச, ப, க. 20 பேருக்கு ப, க, ச. மீதி 5 பேருக்கு க, ச, ப. நேர்மோதலில் ச-வை க 65–35 என்றும், ப-வை ச 40–20 என்றும், க-வை ப 55–45 என்றும் வெல்கிறார்கள். வித்தியாசப்படி 55–45 தான் பலவீனமானது. அதை நீக்கினால் க வெல்வார். வென்றவர் வாக்குப்படி 40–20 பலவீனமானது. அதை நீக்கினால் வெற்றி ப-வுக்கு. சீட்டுகள் அவையே, ஆள் வேறு!

அந்த 40 பேரும் உண்மையில் க, ப, ச என்று எண்ணியிருந்து, ப-வை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தால்? முழுமையாக எழுதியிருந்தால் ப-தான் இருவரையும் வென்றிருப்பார். வித்தியாச அளவுகோல் அந்த மறைப்புக்குப் பரிசளிக்கிறது. வென்றவர் வாக்கு அதற்கு இடங்கொடுப்பதில்லை. 55 பேரின் பெரும்பான்மையும் காக்கப்படுகிறது. இந்த வகையில் இரண்டாவது அளவுகோலே வலுவானது. ஆனால் அந்த 40 பேரின் உண்மை வரிசை க, ச, ப என்றிருந்து, சோம்பலால் மட்டும் நிறுத்தியிருந்தால், அதே அளவுகோல் அவர்களைத் தண்டித்துவிடும்: முழுமையாக எழுதியிருந்தால் எந்த அளவுகோலிலும் க-வே வென்றிருப்பார்.

டெபியன் மென்பொருள் திட்டம் 2003-இல் ஷுல்ட்ஸே முறைக்கு மாறியபோது, வென்றவர் வாக்கையே அளவுகோலாகக் கொண்டது. இரு வெற்றிகளில் அந்த எண்ணிக்கை சமமானால், எதிர்வாக்கு அதிகமுள்ள வெற்றியே பலவீனமானது என்று அதன் விதி கூறுகிறது.