பிடித்தம் போக

1905-ஆம் ஆண்டு இலங்கையில் சலாபம் என்ற முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையிலிருந்து போன முத்துக்குளிப்பாளருக்குத் தன் உழைப்பில் அரசு எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்த கணக்கு. இரவில் தரைக்காற்றில் கிளம்பிய படகுகள் பிற்பகலில் கடற்காற்று பிடித்து மறிச்சுக்கட்டிக் கரைக்குத் திரும்பும். மூட்டை மூட்டையாகச் சிப்பியை இறக்கி, கொட்டு என்று சொல்லப்பட்ட அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசுக்கு. மிச்சமிருக்கும் ஒன்று குளித்தவர்களுக்கு. அதிலும் மேலே கயிறு பிடித்து நின்றவருக்கும் படகுக்கும் பங்கு போகவேண்டும். அரசின் சிப்பி அன்று மாலையே ஏலத்துக்குப் போகும். குளித்தவரின் சிப்பி கொட்டின் வாசலிலேயே சில்லறையாக விலையாகிவிடும். மூன்றில் இரண்டு என்பது கடுமையான பிடித்தம்தான். ஆனால் எதுவும் மறைவில்லை. எது தன்னுடையது, எது சர்க்காருடையது என்று கேட்க அவர் யாரிடமும் போகவேண்டியிருக்கவில்லை.

இன்று கீழக்கரை இருக்கும் கடற்கரை மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலக உதவியாளரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 2017-இல் வந்த தமிழ்நாட்டு ஊதிய விகிதத்தில் கடைநிலை அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாய். அகவிலைப்படி அதன்மேல் ஏறுகிறது. 2003 ஏப்ரலுக்குப் பின் வேலைக்கு வந்தவர் என்றால் ஓய்வூதியப் பங்களிப்பாகப் பத்து சதவீதம் கழிகிறது. மருத்துவக் காப்பீட்டுச் சந்தா, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று வரிசை நீள்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பெரும்பாலும் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும், இன்னொரு வரி சேர்ந்துகொள்கிறது: தொழில் வரி. வருமான வரிக்கு நேரே மட்டும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தையும் தொழில் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. வருமான வரி மத்திய அரசுடையது. வேளாண்மை வருமானத்தைத் தவிர வேறு வருமானத்தின்மேல் வரி போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை. நியூயார்க்கில் வேலைபார்க்கும் தமிழருக்கு மத்திய வரிக்குக் கீழே மாநில வரி ஒன்று, மாநகர வரி ஒன்று என மூன்று பிடித்தம் உண்டு. நம் சம்பளத்தில் உள்ளூருக்கென்று இருப்பது தொழில் வரி ஒன்றுதான். அது முழுவதும் நகராட்சியிலோ ஊராட்சியிலோ தங்குகிறது. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போகிறது. தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று கல்வெட்டுகளில் வரும் பழைய தொழில் வரிகளின் நேர் வாரிசு அது.

இந்த இரண்டு வரிகளும் காலப்போக்கில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. 1973-74-இல் வருமான வரி 5,000 ரூபாய்க்கு மேல் தொடங்கியது. மொத்தம் பதினோரு படிகள். உச்சிப் படியில் கூடுதல் வரியும் சேர்த்து 97.75 சதவீதம். சலாபத்துக் குவியலைவிடக் கடுமையான கணக்கு. 2025-26-இல் புதிய முறையைத் தேர்ந்தவருக்கு 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை. அடித்தளம் உயர்ந்தது, உச்சி தாழ்ந்தது.

தொழில் வரியில் நடந்தது வேறு. 1941-இல் ஆண்டுக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு அதை 250 ஆக்கியது. 1988-இல் அறுபதாவது திருத்தம் 2,500 ஆக்கியது. அதோடு நின்றது. 1988-இல் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 750 ரூபாய். அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை அந்த உச்சவரம்பு. இன்று அதே ஊழியருக்கு அடிப்படை 18,000; உச்சவரம்பு அவருடைய நான்கு நாள் சம்பளத்தைச் சற்றே தாண்டுகிறது.

மேலே கூரை நின்றுவிட்டதைப் போலவே கீழே தரையும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டு அட்டவணையில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரைதான் விலக்கு. மாதத்துக்கு 3,500. உச்சப் படி அரையாண்டுக்கு 75,000-க்கு மேல், அதாவது மாதம் 12,500-க்கு மேல் தொடங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரித்தொகையை உயர்த்த விதி உண்டு. வருமானப் படிகள் அசையவில்லை. ஆகவே அடிப்படை 15,700 வாங்கும் அலுவலக உதவியாளர் உச்சப் படியில் நிற்கிறார். மாவட்ட ஆட்சியரும் அதே படியில் நிற்கிறார். இருவருக்கும் ஒரே தொகை. வருமான வரி யாரை விட்டுவிட்டதோ, அவரைத் தொழில் வரி முழுதாகப் பிடிக்கிறது. பழைய வருமான வரி முறையில் கட்டிய தொழில் வரியைக் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அந்தச் சலுகையும் இல்லை.

ரசீதுப் புத்தகத்தோடு பில் கலெக்டர் கடைகடையாக வந்த நாளில் ஒரு வசதி இருந்தது. காசு வாங்குகிற ஆளிடமே, மூன்று வாரமாக எரியாத விளக்கைக் காட்டிக் கேட்கலாம். இணையத்தில் கட்டும் இன்றைய முறையில் அலைச்சல் இல்லை, கைமாறும் காசு இல்லை, ரசீது தொலைவதில்லை. இவை பெரிய லாபங்கள். கேள்வி கேட்க எதிரே ஒரு முகம் இல்லாமல் போனது நஷ்டம்.

சீட்டே இல்லாத சம்பளமும் இந்தக் கரையில் நிறைய. ராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவருக்கு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சியதில் பங்கு. மீன் படாத நாளில் பங்கும் இல்லை. கீழக்கரை இளைஞர் இன்று துபாய்க்குப் போகிறார். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது; பேசிய தொகை கைக்கு வருகிறது. மூன்றில் ஒன்றை வாங்கிய ஊர், இன்று மூன்றில் மூன்றையும் வாங்குகிறது. ஆனால் அந்தச் சம்பளத்திலிருந்து கீழக்கரை நகராட்சிக்குத் தொழில் வரியாக ஒரு ரூபாயும் வருவதில்லை. அவர் கட்டிய வீட்டின் சொத்து வரிதான் ஊருக்குக் கிடைக்கிறது. உள்ளூரில் இருந்து மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கும் கடைப்பணியாளரின் பெயர்தான் அட்டவணையில் அகப்படுகிறது.

உச்சவரம்பை ஆண்டுக்கு 12,000 ஆக்கலாம் என்று பதினான்காவது நிதி ஆணையம் சொன்னது. பதினைந்தாவது ஆணையம் 18,000 என்றது. உள்ளாட்சிகளுக்குப் பணம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆட்சியரும் பொறியாளரும் இன்னும் கூடுதலாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் 3,500 ரூபாய்த் தரையை அப்படியே விட்டுவிட்டுக் கூரையை மட்டும் உயர்த்தினால், அலுவலக உதவியாளரும் ஆட்சியரோடு சேர்ந்தே மேலே தூக்கப்படுவார். கூரையை உயர்த்த நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தவேண்டும். தரையை உயர்த்த அது தேவையில்லை; சென்னையில் சட்டமன்றம் ஓர் அட்டவணையைத் திருத்தினால் போதும்.