சோயாவின் பிடிவாதம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயத்துக் கல்வெட்டைப் படிப்போர், வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடைபெற்றதையும், வைத்தியருக்கும் சல்லியக்கிரியை செய்வோருக்கும் மட்டுமன்றி மருந்துக்குரிய பச்சிலை கொணர்வோருக்கும் தனியே ஊதியம் வகுக்கப்பட்டிருந்ததையும் அறிவார்கள். செடிகொடிகளோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்த பிரதேசத்துக்கு, விதையின்றியும் பயிர் உண்டாகும் என்பது புதிய செய்தியன்று. கரும்பைக் கரணையாலும், முருங்கையைப் போத்தாலும், வாழையைக் கன்றாலும் நட்டுப் பழகிய மண் இது. ஆனால் சோயாவைப் பயிரிடும் குடியானவர் விதையையே நம்பியிருக்கிறார். அந்தச் செடியின் மிகச் சிறு துண்டொன்றிலிருந்து, கண்ணாடிக் குப்பிக்குள், முழுச் செடியொன்றை எழுப்பிய வரலாறு சாஸ்திர உலகத்தின் பொறுமைக்கு உயர்ந்த சாட்சியாகும்.

தாவரத்தின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் முழுச் செடியாகும் சக்தி உறைந்திருக்க வேண்டும் என்னும் கருத்தை 1902-இல் வெளியிட்டவர் ஆஸ்திரியரான காட்லீப் ஹாபர்லாண்ட். அவர் குப்பியில் இட்ட அணுக்கள் சில காலம் உயிரோடிருந்தனவேயன்றிப் பிரிந்து பெருகவில்லை. இவருடைய தந்தையாரான பிரெடரிக் ஹாபர்லாண்டோ, 1873-ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியில் கிடைத்த சோயா விதைகளைக் கொண்டு அப்பயிரை ஐரோப்பாவில் பரப்ப அரும்பாடுபட்டவர். தந்தை போற்றி வளர்த்த அதே பயிர், மகனுடைய சித்தாந்தத்துக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

இடையில் வழி திறந்தது புகையிலை. ஸ்கூகும் மில்லரும் 1957-இல் அச்செடியின் திசுவைக் கொண்டு, ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரு ஹார்மோன்களின் விகிதமே அதன் கதியை நிர்ணயிக்கிறது என்று காட்டினர்: முன்னது மிகுந்தால் வேர்; பின்னது மிகுந்தால் தளிர்; இரண்டும் ஒத்திருந்தால் உருவமற்ற திசுத்திரள். சோயாத் திசு அந்தத் திரளாக மட்டும் தாராளமாக வளர்ந்தது. சைட்டோகைனின் இல்லாவிடில் அதுவும் வளராதாகையால், பிற பொருள்களில் அந்த ஹார்மோன் எவ்வளவு உள்ளது என்று அளப்பதற்கே சோயாத் திரளைப் பயன்படுத்தினார்கள். 1968-இல் கனடா நாட்டில் காம்போர்க் குழுவினர் சோயா வேரணுக்களுக்கென்று வகுத்த பி5 என்னும் ஊட்டக் கரைசல், பின்னர் எத்தனையோ தாவர இனங்களுக்கு உணவாயிற்று. பிறருக்கெல்லாம் அளவுகோலும் அன்னமும் தந்த சோயா, தான் மட்டும் செடியாகத் துளிர்க்க மறுத்து நின்றது.

ஊட்டத்தை மட்டும் மாற்றிப் பார்த்தவர்களுக்குக் கிட்டாத விடை, துண்டைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. முதிர்ந்த இலையும் தண்டும் தம் தொழிலில் நிலைபெற்றுவிட்டவை; பால்பருவத்துக் காய்க்குள் இருக்கும் முற்றாத வித்திலையோ இன்னும் எதுவாகவும் ஆகக்கூடிய இளமையில் இருக்கிறது. அதனை 2,4-டி என்னும் ஆக்சின் கலந்த ஊட்டத்தில் வைத்தால், அதன் மேற்பரப்பில் கருக்கள் அரும்புகின்றன. வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கப்படும் அதே பொருள், அளவறிந்து சேர்க்கப்படும்போது புதிய பிறவிக்குக் காரணமாகிறது! 1983-இல் கிறிஸ்டியான்சன் முதலியோர் முற்றாத கருவைக் கொண்டு இவ்வகையில் வெற்றி கண்டனர். 1986-இல் இந்தியரான உஷா பார்வாலே அமெரிக்காவில் தம் சகாக்களுடன், முற்றாத கருவிலிருந்து பெற்ற திசுத்திரளைக் கொண்டு பல சோயா ரகங்களில் முழுச் செடிகளை உருவாக்கிக் காட்டினார்.

மற்றொரு மார்க்கம் வித்திலைக் கணு. சோயா விதையின் மேலுள்ள பூஞ்சை வித்துக்களை மூடிய பாத்திரத்தில் குளோரின் வாயுவால் அழித்து, ஏறத்தாழ ஒரு வாரம் முளைக்கவிட்டு, வித்திலைகள் தண்டோடு சேரும் இடத்தை வெட்டியெடுத்து, அங்குள்ள மொட்டை நீக்கிச் சிறு கீறல்களிட்டு, பென்சைல் அடினைன் சேர்த்த அகர் கூழில் பதித்தால், காயம்பட்ட அவ்விடத்திலிருந்து தளிர்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. அவற்றை நீளச் செய்யக் கிபரலினும், வேர்விடச் செய்ய இன்டோல் பியூட்டிரிக் அமிலமும் முறையே உதவுகின்றன. குப்பிக்குள் இருக்கும் தளிர் தன் உணவை முழுவதும் சமைத்துக்கொள்ள இயலாதாகையால் கூழில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. அச்சர்க்கரையே கிருமிகளுக்கும் விருந்தாகும் என்பதனால்தான் ஊட்டத்தை 121 பாகை வெப்பத்தில் அழுத்த நீராவியால் தூய்மை செய்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் பிளந்த அரைவிதைகளைக் கொண்டே இக்கலையை வளர்த்திருக்கிறார்கள். கேளா ஒலியலைகளால் அவற்றில் நுண்காயங்கள் உண்டாக்கி, அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிரின் வாயிலாக வேண்டிய மரபணுவைச் செலுத்தி, பாலிஅமீன்களைச் சேர்த்துத் தளிர்ப்பைப் பெருக்கும் அவர்களுடைய பரிசோதனைகள் நம் நாட்டு ஆய்வுக்குப் பெருமை சேர்ப்பவை. விதை எளிதில் கிடைக்கும் பயிருக்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று வினவுவோருக்கு விடை இதுவே: ஓர் அணுவில் புகுத்திய புதிய குணம், அவ்வணு செடியாகிக் காய்த்தாலன்றிப் பயன்படாது.

வேர்விட்ட கன்றை உடனே வெயிலில் வைத்தல் ஆகாது. குப்பியின் ஈரக்காற்றில் வளர்ந்த இலைகளில் மெழுகுப் படலம் நன்கு அமைந்திராது. இலைத்துளைகளும் சரிவர மூடுவதில்லை. ஆகையால் தொட்டியில் நட்டு, மேலே மூடாக்கிட்டு, ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்குகிறார்கள். தப்பிப் பிழைத்த கன்று பூத்துக் காய்க்கும்போது, தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் இனமாதலால், புதிய குணத்தை உடைய வழிகளைத் தேர்ந்தெடுத்து அதைச் சில தலைமுறைகளில் நிலைநிறுத்திவிடலாம். அதன்பின் அந்த ரகத்தைப் பெருக்கக் குப்பியும் கூழும் வேண்டுவதில்லை, விதையை மண்ணில் இட்டால் போதும்.