ஒரு லட்சம் கேட்ட அம்மா

ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் சகோதரிகளே, தன் கூலியைத் தானே பேசி வாங்கிய ஒரு நாடக நடிகையைப் பற்றிக் கேளுங்கள். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், வறுமையால் சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். பிறகு வேலு நாயர் குழுவில் நாடகமேடை ஏறினார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டும். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை!

இலங்கையில் நடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே நாடகம் போட வந்த நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார், மணமும் முடித்தார். இருவரும் நடித்த 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

சினிமாக்காரர்கள் விடவில்லை. அவர்களைத் தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். கொடுத்துவிட்டார்கள்! 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவருக்கு நந்தனார் வேடம். அவரே ஆண் வேடம் போட்டதால், எடுத்த முடிவு மீறப்படவில்லை. அந்த நாளில் ஒரு லட்சம் என்பது யாரும் வாங்காத சம்பளம்.

1953-இல் 'ஔவையார்' படம், 1970-இல் பத்மஸ்ரீ விருது. 1980-இல் மறையும் வரை அந்த வெள்ளைச் சேலையை அவர் மாற்றவில்லை.